பல்லுக்கு உறுதி

இராசபாளையத்திற்குத் தெற்கே, சேத்தூருக்கு அணித்தாக, தேவதானம் என்னும் ஊர் உள்ளது. கோயிலுக்கு உரிமையாக விடப்பட்ட நிலத்தைத் தேவதானம் என்று வழங்குதல் பழைய மரபு. ஆதலின் ஊரின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. மேற்கே மலைத்தொடர் நீலத்திரை போல் நிற்க, அதன் அடிவாரத்தில் நச்சாடை தவிர்த்த லிங்கேசுவரர் கோயில் அமைந்திருக்கிறது. பாண்டியனைப் போரில் வெல்ல மாட்டாத சோழ மன்னன், நட்புப் பாராட்டுவான் போல நஞ்சு தோய்த்த ஆடையொன்றை அவனுக்கு அனுப்பினான் என்றும், இறைவன் அருளால் பாண்டியன் அத்தீங்கினின்றும் தப்பினான் என்றும் அவ்வூர்த் தலவரலாறு கூறும். பார்வைக்கு அழகிய ஆடை. தொடுவதற்கு மென்மையான ஆடை. உள்ளே இருப்பதோ நஞ்சு.

இத்தகைய நச்சாடை ஒன்று நாள்தோறும் நம் வாயினுள்ளும் நெய்யப்படுகிறது. காலையில் உறங்கி எழுந்தவுடன் நாவின் நுனியால் பற்களைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான ஏடு ஒன்று பற்களின்மேல் படர்ந்திருப்பதை உணரலாம். அது வெறும் உமிழ்நீர் அன்று. உணவுத் துணுக்கும் அன்று. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் கூடி, தாமே சுரந்த பசையினால் ஒன்றோடொன்று பிணைந்து, பல்லின்மேல் போர்த்திய படலமே அது. வாயைக் கொப்புளித்தால் அது போகாது. தேய்த்தே அகற்றுதல் வேண்டும். ஆனால் எதனைக் கொண்டு தேய்ப்பது, எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் நம்முள் பலர் தவறு செய்கின்றோம். படலத்தைப் போக்கப் புகுந்து பல்லையே போக்கிக்கொண்டவர் பலர்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வெண்மையான பகுதியைப் பற்சிப்பி என்பர். எனாமல் என்ற பெயரே இன்று மிகுதியாக வழங்குகிறது. மனித உடலில் உள்ள பொருள்கள் அனைத்தினும் கடினமானது இதுவே. எலும்பும் இதற்கு ஈடாகாது. இதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு, கால்சியமும் பாஸ்பரசும் சேர்ந்த கனிமப் பொருளாகும். கடைவாய்ப்பல்லின் முகட்டில் இதன் கனம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். ஈற்றை நெருங்க நெருங்க இது மெலிந்து, பல்லின் கழுத்தில் கத்தியின் விளிம்பைப் போல் ஆகிவிடும். இதற்கு அடியில் டென்டைன் என்னும் சற்றே மஞ்சள் நிறமான பகுதியும், அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக்குழாய்களும் தங்கிய கூழும் உள்ளன.

இவ்வளவு உறுதி வாய்ந்த எனாமலுக்கு ஒரு பெருங்குறை உண்டு. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடும்; தோல் கிழிந்தால் மீண்டும் வளரும்; நகமும் மயிரும் வெட்ட வெட்ட வளரும். எனாமல் மட்டும் வளர்வதில்லை. அதனை ஆக்கிய உயிரணுக்கள், பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளிப்படும்போதே அழிந்துவிடுகின்றன. கொத்தனார் இறந்துபோன வீட்டைப் போன்றது பல். இருக்கும் சுவரைக் காத்துக்கொள்ளலாமேயன்றிப் புதிய சுவர் எழுப்ப ஆள் இல்லை. விலங்குகளுள் சில இவ்வகையில் நம்மினும் பேறு பெற்றவை. திருவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிற மலையணில்களின் பொருட்டு 1988-ஆம் ஆண்டில் ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. அவ்வணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அது எத்துணைக் கொட்டைகளைக் கொறித்தாலும் தேய்ந்த அளவு வளர்ந்துவிடும். அதே காட்டில் உலவும் யானைக்கோ கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முறை வருகின்றன. நமக்கு வாய்த்தவை இரண்டே முறை. முதலில் பாற்பற்கள் 20; பின்னர் நிலைத்த பற்கள் 32. ஆறு வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல், அறுபது வயதிலும் அதே பல்தான். பாற்பல் என்று எண்ணி அதனைப் பொருட்படுத்தாமல் விட்டு, பத்து வயதிற்குள் இழந்துவிடும் சிறுவர் பலர் உளர்.

எனாமலுக்கு வரும் கேடு இருவகைப்படும். ஒன்று கரைதல், மற்றொன்று தேய்தல்.

கரைவது எங்ஙனம் என்பதை முதலில் காண்போம். நாம் உண்ணும் சர்க்கரையை நமக்கு முன்பே உண்டுவிடும் நுண்ணுயிர்கள் மேலே கூறிய படலத்தில் வாழ்கின்றன. அவை சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமில நிலையைக் குறிக்கும் எண் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள கனிமம் கரையத் தொடங்கும். ஆனால் இயற்கை நம்மைக் கைவிடவில்லை. உமிழ்நீர் ஊறி ஊறி அமிலத்தை மாற்றி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் பழைய நிலையைக் கொணர்ந்துவிடும். தன்னில் உள்ள கால்சியத்தையும் அது பல்லுக்குத் திருப்பித் தரும். பல்லில் குழி விழாத வரையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும். குழி விழுந்த பின்னரோ உமிழ்நீரால் அதனை நிரப்ப இயலாது. பல் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டும்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறியாதார் தமிழகத்தில் இலர். 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. பால் பல்லுக்குப் பகையன்று; அதிலுள்ள கால்சியமும் புரதமும் எனாமலுக்கு நன்மையே செய்வன. உடன் சேரும் சர்க்கரையே நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஆதலின் பால்கோவாவைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவ்வாறு சொன்னால் கேட்பாரும் இலர். ஒரு பொட்டலத்தை உணவோடு உணவாக ஒருமுறை உண்பவன் வாயில் அமிலம் ஒருமுறை தோன்றி மறையும். அதே பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கொரு முறை கிள்ளித் தின்பவன் வாயிலோ உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. உண்ட அளவைக் காட்டிலும் உண்ட தடவைகளே பல்லைக் கெடுக்கின்றன. மிட்டாயும் குளிர்பானங்களும் அத்தகையனவே. குளிர்பானங்களில் சர்க்கரையோடு அமிலமும் கலந்திருப்பதால் அவை நுண்ணுயிரின் துணையின்றியே எனாமலைக் கரைக்க வல்லன.

இனித் தேய்தல். நம் பாட்டன்மார் காலத்தில் உமிக்கரி, அடுப்புச் சாம்பல், செங்கற்பொடி, உப்பு, ஆற்றுமணல் ஆகியவற்றால் பல் துலக்கினர். பழமையைப் போற்றும் எனக்கும் இவற்றைப் போற்ற மனம் வரவில்லை. செங்கற்பொடியும் மணலும் எனாமலைத் தேய்த்துவிடும் அளவுக்குக் கரடுமுரடானவை. அவற்றால் துலக்கியவுடன் பல் பளிச்சென்று தோன்றும். அழுக்கோடு எனாமலின் மேற்பரப்பும் சிறிது போய்விட்டது என்பது அப்போது விளங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல எனாமல் மெலிந்து, உள்ளிருக்கும் மஞ்சள் நிறம் வெளியே தோன்றும். பல்லை வெண்மையாக்கத் தேய்த்தவன் தேய்ப்பினாலேயே அதனை மஞ்சளாக்கிக்கொள்கிறான். இக்காலத்தில் அதே கரியை அழகிய குழாயில் அடைத்துப் புதுமை என்று கூறி விற்கின்றனர். பாட்டனார் செலவின்றிச் செய்த தவற்றைப் பேரன் பணம் கொடுத்துச் செய்கிறான்.

இதனை நான் பிறர்மேல் வைத்துக் கூறவில்லை. இளமையில் உமிக்கரியும் செங்கற்பொடியும் சேர்த்து, ஆட்காட்டி விரலால் வலிமை கொண்ட மட்டும் தேய்த்தவருள் நானும் ஒருவன். ஐம்பது வயதளவில் என் மேல்வரிசை முன்பற்களின் கழுத்தில், கோடரியால் மரத்தை வெட்டத் தொடங்கியது போன்ற பள்ளங்கள் விழுந்திருந்தன. தண்ணீர் பட்டால் கூசும். ஒருநாள் பற்களுள் ஒன்று பள்ளம் இருந்த இடத்தில் முறிந்துபோயிற்று. அடுத்த வாரம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பைக் கற்பிக்க வேண்டியிருந்தது. எழுத்துகள் பிறத்தற்குரிய உறுப்புகள் எட்டனுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் பிறப்பியலில் எண்ணுகிறார். தகரமும் நகரமும் பிறக்க நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். வகரம் பிறக்க மேற்பல் கீழிதழோடு இயைய வேண்டும். நூற்பாவை விளக்கிவிட்டு, வகரத்தை ஒலித்துக் காட்ட வாய் திறந்தேன். வகரம் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மாணவர் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயினும் பல்லும் சொல்லும் எத்துணை நெருங்கியவை என்பதை அன்றுதான் உள்ளபடி உணர்ந்தேன்.

பழையன எல்லாம் தீயன என்று இதனால் எண்ணிவிடலாகாது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இங்கு வேல் என்றது வேம்பை அன்று, வேலமரத்தை. கருவேல் என்று மக்கள் வழங்குவது அதனையே. இன்று காடும் கரையும் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேல் அயல்நாட்டிலிருந்து பின்னாளில் வந்த வேறொரு மரம்; பெயர் ஒற்றுமை கண்டு மயங்கி அதனை ஒடித்துவிடாதீர்கள். ஆலிலும் வேலிலும் துவர்ப்புச் சத்து மிகுதி. வேம்பில் நுண்ணுயிர்களை அடக்கும் கசப்பு உண்டு. பச்சைக் குச்சியின் நுனியை நன்கு மென்றால் அது மெல்லிய நார்க்குச்சமாகும். அந்நாரினால் மெல்லத் தேய்த்தால் படலம் நீங்கும். எனாமலுக்குக் கேடு வாராது. மெல்லாத குச்சியால் குத்தித் தேய்த்தாலோ ஈறு கிழியும். பல்லிடுக்குகளையும் கடைவாய்ப்பற்களின் உட்புறத்தையும் குச்சியால் எட்டுவது அரிது என்னும் குறையும் உண்டு. அவ்விடங்களுக்கு வளைந்து செல்வது பிரஷ் என்று நாம் கூறும் பல்துலக்கியே. அதுவும் மென்மையான தும்புகள் உடையதாக இருத்தல் வேண்டும். தும்புகள் வளைந்து விரிந்த பல்துலக்கியை மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதம் வரை அது பயன்படும்.

பற்பசையில் நிறைந்திருப்பது மிக நுண்ணியதாக அரைத்த சுண்ணப்பொடியோ சிலிக்காவோ ஆகும். அது படலத்தைத் தேய்த்து அகற்றும்; ஆனால் செங்கற்பொடி போல் எனாமலை அறுக்காது. நுரை தரும் பொருளும் மணமும் சுவையும் மனத்திற்கு உவப்பைத் தருவன. அவற்றால் பல்லுக்கு ஆவது சிறிதே. பற்பசையில் உண்மையான மருந்து புளோரைடு என்னும் பொருள். அது எனாமலில் கலந்து, அமிலத்திற்கு எளிதில் கரையாத தன்மையை அதற்கு அளிக்கிறது. இந்தியாவில் விற்கும் பற்பசையில் அது பத்து இலட்சம் பங்குக்கு 1000 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்பது சட்டவிதி.

பல்லுக்கு நன்மை செய்யும் ஒரு பொருளுக்கு ஏன் அளவு விதித்தனர்? அதன் விடை நம் நாட்டு வரலாற்றிலேயே உள்ளது. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தின் சில சிற்றூர்களில் சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறைகள் படிந்திருந்தன. பெரியவர்கள் பலருக்கு முதுகும் மூட்டுகளும் விறைத்து, நிமிரவும் குனியவும் இயலாத நிலை ஏற்பட்டது. கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி என்னும் அறிஞர்களும் இந்நோயை ஆராய்ந்தனர். கிணற்று நீரில் அளவுக்கு மிஞ்சிய புளோரைடு இருப்பதே காரணம் என 1937-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். நம் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் இக்குறை உண்டு. அதனைப் போக்கக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்பதும், வேறு நீர் கிடையாத இடத்திலும் அது 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பதும் இந்தியத் தர விதி. அளவோடு நின்றால் மருந்து. அளவு கடந்தால் நஞ்சு. ஆகவே பற்பசையை விழுங்காமல் துப்பிவிடுதல் வேண்டும். விளம்பரத்தில் காட்டுவது போல் துலக்கியின் நீளம் முழுவதும் பசையைப் பிதுக்க வேண்டியதில்லை. மூன்று வயதிற்கு உட்பட்ட தம்பி தங்கையர்க்கு ஓர் அரிசியளவும், அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு ஒரு பட்டாணியளவும் போதும்.

இனி ஈற்றுக்கு வருவோம். இலக்கணத்தில் ஈறு கெடுவதால் தீங்கில்லை. எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டும் நின்று பொருள் தரும். வாயில் ஈறு கெட்டால் பல் நிற்காது. பல்லின் வேர் தாடை எலும்பின் குழியில் சும்மா நட்டு வைக்கப்பட்டதன்று. நுண்ணிய நார்கள் எண்ணற்றவை வேரையும் எலும்பையும் பிணைத்துள்ளன. அவற்றின்மேல் காப்பாகச் சூழ்ந்திருப்பது ஈறு. பல்லின்மேல் படியும் படலம் ஈற்றின் விளிம்பில் தங்கி நாட்பட்டால், உமிழ்நீரின் கனிமம் ஏறி இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. துலக்கும்போது குருதி கசிகிறது. குருதியைக் கண்டவுடன் அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுவோர் பலர். அதனினும் பிழையானது வேறொன்றில்லை. படலம் இருப்பதால்தான் குருதி கசிகிறது. மெல்லத் துலக்கி அதனை நீக்கினால் கசிவு நிற்கும். இறுகிவிட்ட காரையை மட்டும் பல் மருத்துவரே கருவி கொண்டு அகற்ற வேண்டும். அதனை அகற்றினால் பல் ஆடிப்போகும் என்பது வெறும் அச்சம்.

டென்மார்க்கு நாட்டில் லோ என்னும் அறிஞர் இதனை ஓர் எளிய சோதனையால் விளக்கி, 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நலமான ஈறுகளை உடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரத்திற்குள் அனைவருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கவே சில நாட்களில் பழைய நலம் திரும்பியது. எனாமலுக்கு இல்லாத பேறு ஈற்றுக்கு உண்டு. தொடக்கத்திலேயே கவனித்தால் அது மீளும்.

கவனியாது விட்டால் என்னாகும்? அதே அறிஞர் குழுவினர் அதனை அறியத் தேர்ந்த இடம் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்கள். அங்கு உழைப்போர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்றோரின் வழிவந்தவர்கள். 1970-ஆம் ஆண்டில் 480 ஆடவரின் வாயை ஆராய்ந்தனர். இடையிடையே மீண்டும் மீண்டும் பார்த்து, 1985 வரை அவர்களைத் தொடர்ந்தனர். நாம் அறிந்த முறையில் பல் துலக்கும் வழக்கமோ, பல் மருத்துவ வசதியோ அவர்களுக்கு இல்லை. வியப்பு என்னவெனில், பற்சொத்தை அவர்களிடம் மிக அரிதாகவே காணப்பட்டது. ஆனால் ஈற்றின் நிலை வேறு. நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைப் பிணைக்கும் பகுதி விரைந்து அழிந்தது. 81 பேருக்கு மெல்ல அழிந்தது. 11 பேர் மட்டுமே கேடின்றித் தப்பினர். சொத்தை இல்லாத உறுதியான பற்களே பிடிப்பிழந்து ஆடின. இவ்வாய்வு உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்க்குப் பாடமாயிற்று. அறிவு வளர்ந்தது என்று மகிழ்கிறேன். ஆயினும் பதினைந்து ஆண்டுகள் தம் வாயைப் பிறர் குறிப்பெடுக்கத் திறந்து காட்டிய அத்தொழிலாளர்களை எண்ணும்போது என் நெஞ்சு கனக்கிறது.

நாள்தோறும் செய்ய வேண்டியது மிகுதியன்று. காலையும் இரவும் இவ்விரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் துலக்கியைச் சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். தரையைத் தேய்ப்பது போல் வலிந்து இழுக்கலாகாது. இரண்டனுள் இன்றியமையாதது இரவுத் துலக்கமே. உறங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைந்துவிடுவதால் நுண்ணுயிர்களைத் தடுப்பார் இலர். நம்மவரோ காலையில் ஒருமுறை துலக்கிவிட்டு இரவில் மறந்துவிடுகின்றனர். எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ பருகியவுடன் துலக்குவதும் தவறு. அமிலத்தால் மென்மையுற்ற எனாமல் அப்போது எளிதில் தேயும். நீரால் கொப்புளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்துத் துலக்க வேண்டும். வாய்கொப்புளிக்க விற்கும் வண்ண நீர்கள் மருத்துவர் சொன்னாலன்றித் தேவையில்லை.

புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் ஒருகாலத்தில் வெளிப்படையாக விற்கப்பட்டன. 1992-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்து, ஈற்றுக்குக் கேட்டையும் வாய்க்குப் புற்றுநோயையும் தரும். பல்வலிக்குக் கிராம்பை வைத்துக்கொள்வதில் பொருள் உண்டு. அதன் எண்ணெய் நோவைத் தணிக்கும். ஆயினும் அது மருத்துவரைக் காணும் வரைக்கும்தான்.

மற்றொன்றும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். விளையாட்டில் கீழே விழுந்து, நிலைத்த பல் ஒன்று வேரோடு பெயர்ந்து வந்துவிட்டால் அதனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் பல்லின் முகட்டைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் சிறிதளவு நீரில் அலசலாம்; தேய்க்கலாகாது. முன்னர்க் கூறிய பிணைப்பு நார்கள் வேரின்மேல் இன்னும் உயிரோடு இருக்கும். அவை உலர்ந்தால் இறந்துவிடும். ஆதலின் பல்லைப் பாலில் இட்டு, இயன்றால் ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் அதனை மீண்டும் குழியில் பொருத்தினால் வேர் பற்றிக்கொள்வதும் உண்டு. திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பாலுக்குப் பஞ்சமில்லை.